நீர் பதில் சொல்லத் தேவையில்லை

ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தது ஒரு குளியலறை வாசலில். வீட்டுக்காரர் எனக்கு ஓர் அறையின் மூலையைக் கொடுத்த மறுநாள் காலை அது. அவர் துவாயைத் தோளில் போட்டபடி எனக்கு முன்னால் நின்றார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். என்னைத் திரும்பிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உம்மட்டை ஒரு கேள்வி கேக்கப்போறன். நீர் பதில் சொல்லத் தேவையில்லை. கதைக்காமல் இருக்க உமக்கு உரிமை இருக்கு. கதைச்சால் அதை நான் பேந்து உமக்கு எதிராப் பாவிக்கலாம். விளங்குதே?"

விளங்குகிறது என்றேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் விமான நிலையங்களில். பல நாடுகளில் பல சீருடைகள் என்னிடம் கேள்வி கேட்டிருக்கின்றன. ஒன்றுகூட இப்படி ஆரம்பித்ததில்லை. ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பின்னால் பார்த்துக்கொண்டேன்.

"நீர் அவசரமா வேலைக்குப் போகவேணுமோ? எண்டால் முதல்ல நீர் போய்க் குளியும்."

அதுதான் கேள்வி.

குளித்துவிட்டு வந்தபோது என் பெயரைக் கேட்டார். அதற்கும் அதே முன்னுரை. கடைசியாக வந்த பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். கள்ளமாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் எனக்குப் பெயர்களைச் சட்டை மாதிரி மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். எது எங்கே கழன்றது என்று எனக்கே நினைவில்லை.

அவர் சற்று நேரம் யோசித்தார்.

"நல்ல பேர். உமக்கு அளவு கொஞ்சம் பெரிசு போலக் கிடக்கு."

அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

ரொறொன்ரோவில் நம் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது "ஊரில எவடம்?" என்பதுதான். ஊர் தெரிந்தால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் சாதி தெரியும், பிறகு எந்த இயக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் வரும். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஒருவனுடைய மூன்று தலைமுறையையும் உரித்துவிடுவார்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதேயில்லை. கேட்ட கேள்விகளெல்லாம் சாப்பாடு, குளிர், பஸ் சம்பந்தமானவை. அவற்றுக்கும் எச்சரிக்கை உண்டு. "சாப்பிட்டீரோ? நீர் சொல்லத் தேவையில்லை." "வெளியில சினோ கொட்டுதோ? சொல்லாமலும் இருக்கலாம்."

வீட்டில் எல்லோரும் அவரை அமெண்ட்மெண்ட் அண்ணை என்றார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான்.

தமிழ்க் கடையில் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "இது இண்டைக்கு வந்ததோ? நீர் பதில் சொல்லத் தேவையில்லை" என்பார். கடைக்காரர் அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வார். அண்ணை கத்தரிக்காயை வாங்கிவிடுவார். வீட்டில் வெட்டினால் உள்ளே கறுப்பு.

"அண்ணை, அவன் பேசாமல் நிக்கேக்கையே தெரியவேண்டாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தன் கதைக்கேல்லை எண்டதைக் குற்றமா எடுக்கக் கூடாது. அதுதான் சட்டம்." கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கறி வைத்தார்.

இன்னொரு நாள் எங்களோடு இருந்த ஒரு பொடியன், இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து தன்னுடைய கோழிக்கறிச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினான். வெறும் எலும்பு. "எவன்டா திண்டது? இப்ப சொல்லவேணும்!" நாங்கள் நால்வரும் குசினியில் நின்றோம். அவர் எழுந்து கையை உயர்த்தினார்.

"ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்லை."

யாரும் சொல்லவில்லை. பொடியன் எலும்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனான். தின்றது அவர்தான் என்பது சில நாட்கள் கழித்துத் தெரிந்தது. அவரே சொன்னார். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று பொடியன் கேட்டதற்கு, "உரிமை எனக்கும் பொதுத்தானே ஐசே" என்றார். அந்த ஞாயிறு ஒரு முழுக் கோழி வாங்கி அவனுக்குச் சமைத்துக் கொடுத்தார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கே தொற்றியது என்பதை ஒரு குளிர்கால மாலையில் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் கள்ளப் பாஸ்போர்ட்டோடு பிடிபட்டிருக்கிறார். ஓர் அறையில் இருத்தினார்கள். இடுப்பில் துவக்கு வைத்த ஓர் அதிகாரி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வாசித்தான். தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒரு பெண். இந்தியத் தமிழ்.

"'நீங்க எதுவும் பேச வேண்டியதில்லைங்க. பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்குங்க' எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. எனக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொல்லச் சொன்னன். திருப்பியும் அதைத்தான் சொல்லுது. ஏதோ விளையாட்டுக் காட்டுறாங்கள் எண்டு நினைச்சன். நான் பேசாமல் இருந்தன். அடி வருமெண்டு தலையைக் குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தன்."

"வந்ததோ?"

"சாண்ட்விச் வந்தது."

அதைத் தின்னும்போது அழுதிருக்கிறார். அதிகாரி உறைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானாம்.

அந்த அமெரிக்காவே பிறகு அவரை மாதக்கணக்கில் ஒரு தடுப்பு முகாமில் அடைத்து வைத்தது. அது பற்றி அவருக்கு மனக்குறை இல்லை. "அடைச்சவங்கள்தான். ஆனால் சொல்லிப்போட்டு அடைச்சவங்கள்." முகாமின் புத்தக அலுமாரியில் அமெரிக்க அரசியலமைப்பு பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு அகராதியும் கிடந்தது. இரண்டையும் வைத்து அதிலுள்ள அமெண்ட்மெண்டுகளை, ஒவ்வொரு திருத்தமாகத் தமிழில் பாடமாக்கினார். விடுபட்டு, பஃபலோ பாலம் வழியாகக் கனடா வந்து அகதியாகப் பதிந்தபோது கையில் உடுப்புப் பை, தலைக்குள் அமெரிக்க உரிமைகள்.

"எங்கடை ஊரில ஆமி காம்பில என்னை வைச்சிருந்தவங்கள். அங்கை ஒருத்தரும் உப்பிடி முதல்ல சொல்லேல்லை. கேட்டாங்கள். நான் சொன்னன்."

"என்னண்ணை சொன்னனீங்கள்?"

அவர் தன் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். அஞ்சாம் திருத்தம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது. நான் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

அவருக்கும் எனக்கும் ஒரே வேலை. விடியற்காலை வேலை ஏஜென்சியின் வான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊருக்குப் போகும். அங்கே ஒரு பக்டரியில் ஷாம்பூப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குவோம். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் காவலாளி சாப்பாட்டுப் பைகளைத் திறந்து பார்ப்பார். தலைப்பாகை கட்டிய முதிய பஞ்சாபிக்காரர். அமெண்ட்மெண்ட் அண்ணை பையை நெஞ்சோடு அணைத்தபடி ஆங்கிலத்தில் கேட்பார்.

"டூ யூ ஹாவ் எ வொரண்ட்?"

நாலாம் திருத்தம். நீதிமன்ற ஆணை இல்லாமல் சோதிக்கக் கூடாது. முதல் நாள் பஞ்சாபிக்காரர் மேலதிகாரியைக் கூப்பிடப் போய்விட்டார். வரிசை நின்றது, வான் ஹோர்ன் அடித்தது, எல்லோரும் அவரைத் திட்டினார்கள். மேலதிகாரி வருவதற்குள் அவரே பையைத் திறந்து காட்டிவிட்டார். "கேட்டிட்டுத் தாறது வேற, கேக்காமல் பறிக்கிறது வேற" என்றார் என்னிடம். நாளாக ஆகப் பஞ்சாபிக்காரரும் பழகிவிட்டார்.

"நோ வொரண்ட் டுடே, பிரதர்."

"தென் ஐ கொன்சென்ட்." அப்படியானால் நானாகச் சம்மதிக்கிறேன் என்று பையை விரித்துக் காட்டுவார். உள்ளே வெறும் சாப்பாட்டுப் பெட்டி. இருவரும் கைகொடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளும்.

எல்லாத் திருத்தங்களிலும் அவருக்கு உயிர் மூன்றாவது. சமாதான காலத்தில் வீட்டு உரிமையாளரின் சம்மதமில்லாமல் எந்தப் படையினரையும் ஒரு வீட்டில் குடியிருத்தக் கூடாது. அவருக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவளிடம் முதல் நாளே அதை ஒப்பித்துக் காட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டாள்.

"அங்கிள், அமெரிக்காவிலேயே அதை ஒருத்தரும் யூஸ் பண்ணுறதில்ல. லோ ஸ்கூல்ல அது ஒரு ஜோக்."

"பிள்ளை, எங்கடை வீடு பலாலிப் பக்கம். கன வருசமா அதுக்குள்ள ஆமி இருக்குது. எங்கடை குசினியில அவங்கள் சமைக்கிறாங்கள். இடையில சமாதானம் எண்டு ஒரு காலம் வந்தது. அப்பவும் எழும்பேல்லை. நான் சம்மதிக்கவுமில்லை."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், திஸ் இஸ் கனடா. இங்க சாசனம் வேற. பொலிஸ் அரெஸ்ட் பண்ணினா இங்கயும் பேசாம இருக்கலாம், நம்பர்தான் வேற. பட் அகதி விசாரணை அரெஸ்ட் இல்ல. அங்க நீங்க ஆன்சர் பண்ணோணும். பண்ணாட்டி உங்களை நம்பமாட்டினம்."

இதை அவர் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். "நல்ல பிள்ளை. ஆனால் கனடாச் சட்டம் மட்டும்தான் படிச்சிருக்குது."

எப்போதாவது ஞாயிறில் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவார். பார்க்டேலிலிருந்து இறங்கி நடந்தால் ஒன்ராரியோ ஏரி. அந்தக் கரை அமெரிக்கா. வானம் தெளிவாக இருந்தால் நீலத்தின் மேல் மெல்லிய கோடு ஒன்று தெரியும். சிலர் அது கனடாவின் நயாகராப் பக்கம் என்பார்கள். அவர் ஏற்கமாட்டார்.

"இவ்வளவு கிட்ட இருக்கு. கண்ணுக்குத் தெரியுது. இஞ்சை செல்லாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த உரிமை இருந்தது.

அவருடைய மனைவியும் மனைவியின் தம்பியும் வன்னியில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. தம்பியை இவர்கள்தான் வளர்த்தார்கள். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டால் மனைவியைக் கூப்பிடலாம். ஏற்கப்படாவிட்டால் அவரையே திருப்பி அனுப்பலாம். அந்தக் குளிர்காலத்தில் வன்னி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. தொலைபேசி எடுபடவில்லை. வீட்டில் ஒவ்வொருவரும் யாரையோ தேடிக்கொண்டிருந்தோம். சந்திக்கிறவர்களெல்லாம் "அங்காலை செய்தி ஏதும்?" என்று கேட்டார்கள். அவர் மட்டும் கேட்கவில்லை. தெருவில் யாரையாவது கண்டால் தலையசைத்துவிட்டு, "நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். கேள்வியே இல்லாத எச்சரிக்கை. அதைக் கேட்டுச் சிலர் அவரைக் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

மாசியில் அவருடைய விசாரணை வந்தது. துணைக்கு ஒருவரை உள்ளே கூட்டிப் போகலாம் என்றார்கள். என்னைக் கூட்டிப் போனார். நல்ல சட்டை போட்டிருந்தார். விசாரித்தவர் நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண். குரலை உயர்த்தாத மனுசி. ஊர், குடும்பம், பயணம் எல்லாவற்றுக்கும் அண்ணை ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு அந்தப் பெண் கேட்டார்: இராணுவ முகாமில் உங்களை என்ன கேட்டார்கள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

"ஐ டேக் தி பிஃப்த் அமெண்ட்மெண்ட்."

மொழிபெயர்ப்பாளர் பழக்கத்தில் அதைத் தமிழில் மொழிபெயர்த்து அவருக்கே சொன்னார். விசாரித்த பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இது கனடா என்பதை நினைவூட்டினார். அண்ணை தெரியும் என்றார். அந்தப் பெண் கேள்வியை மாற்றிக் கேட்டார். அண்ணை மாறவில்லை. நேரம் போய்விட்டது. விசாரணையை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தார்கள்.

வெளியே நடைபாதையில் அந்த வழக்கறிஞர்ப் பிள்ளை கோட்டைப் போடாமல் குளிரில் நின்று கத்தினாள். "உங்கட வைஃப் செல்லடிக்குள்ள நிக்கிறா அங்கிள்! இந்த ஒரு கேள்விக்கு ஆன்சர் பண்ணினாத்தான் ஐ கேன் பிரிங் ஹெர்! வை வோண்ட் யூ டோக்?"

"பிள்ளை, நீர் கோபமா இருக்கிறீரோ? சொல்லத் தேவையில்லை."

அவள் காலால் பனியை உதைத்துவிட்டுப் போனாள்.

வசந்தத்தில் நகரத்தில் ஆர்ப்பாட்டங்கள் தொடங்கின. அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் பெரிய வீதி. நாட்கணக்காகச் சனம் அங்கேயே கிடந்தது. அவர் வேலை இல்லாத நாளெல்லாம் போனார். மற்றவர்கள் வீதியோரம் நிற்க, அவர் மட்டும் தூதரகச் சுவரோரம் போய் நிற்பார். படத்தில் விழுவதற்காக நிற்கிறார் என்று சிலர் பேசினார்கள். உண்மைக் காரணம் எனக்குத்தான் தெரியும். தூதரகம் அமெரிக்க மண் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

சைக்கிளில் வந்த பொலிஸ்காரன் ஒருவன் மரியாதையாகப் பின்னுக்குப் போகச் சொன்னான். அவர் கேட்டார்: அமெரிக்கா சரியாக எங்கேயிருந்து தொடங்குகிறது? பொலிஸ்காரன் யோசித்துவிட்டுத் தெற்கே கை காட்டினான். காரில் இரண்டு மணி நேரம் என்றான்.

"உவனுக்குத் தெரியாது" என்றார் என்னிடம். இரண்டடி பின்னால் வந்தார். ஆனால் ஒரு கையை நீட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நின்றார்.

மற்றவர்களின் அட்டைகளில் போரை நிறுத்து என்று இருந்தது. அவர் தானே ஒரு அட்டை எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் திருத்தத்தை அமுல்படுத்து. ஒலிபெருக்கி வைத்திருந்த பொடியன் ஓடி வந்தான்.

"அண்ணை, உது என்ன? எங்கடை கோரிக்கையில உது இல்லை."

"உங்கடை கோரிக்கையில இல்லை. என்ரை வீட்டில இருக்கு."

மதியம் தூதரகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தார். அட்டையைப் பார்த்து நின்றார். விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "வீடுகளில் படையினர்... அதுவா?" என்று கேட்டார்.

"எஸ். மை ஹவுஸ்."

அந்த மனிதர் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றார். அந்தத் திருத்தத்தை யாரும் கேட்டுத் தான் பார்த்ததில்லை என்றார். அட்டையை இன்னொரு முறை வாசித்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அமெண்ட்மெண்ட் அண்ணைக்கு அது பெரிய வெற்றி. அமெரிக்கா தன் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டுவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னார்.

மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நாங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழிக்கறிப் பொடியன் சுவரில் நெற்றியை வைத்து நின்றான். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"இனிச் சமாதான காலம்" என்றார்.

பொடியன் சுவரிலிருந்து நெற்றியை எடுத்துத் திரும்பிப் பார்த்தான்.

"இனி உரிமையாளற்றை சம்மதம் வேணும். கேப்பாங்கள்." திரும்பிப் போய் மற்றக் கன்னத்தை வழித்தார்.

சில நாட்கள் உண்மையாகவே தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இராணுவம் வீட்டைப் பற்றிக் கேட்க எடுக்கலாம் என்றுதான் எங்களிடம் சொன்னார்.

அழைப்பு ஜூனில் ஒரு காலையில் வந்தது. வானில் மார்க்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெருந்தெரு, இரண்டு பக்கமும் புது வீடுகள். அவர் எண்ணைப் பார்த்தார். காதில் வைத்தார். "நான்தான்" என்றார். பிறகு, "நீயோ?" என்றார். வானுக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சாரதி ரேடியோவை அணைத்தான்.

"எங்கை? வவுனியாக் காம்போ? ... ஆற்றை போன்? ... பக்கத்தில ஆமி நிக்கிறாங்களோ?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"இஞ்சை பார். நான் இப்ப ஒரு கேள்வி கேக்கப்போறன். நீ பதில் சொல்லத் தேவையில்லை. கதைக்காமல் இருக்க உனக்கு உரிமை இருக்கு. நீ கதைக்கிறதை அவங்கள் உனக்கு எதிராப் பாவிப்பாங்கள். விளங்குதே?"

சற்று நிறுத்தினார்.

"தம்பி உன்னோட நிக்கிறானோ?"

அதன் பிறகு வானுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். அவர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தப் பக்கத்து மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை. மார்க்கத்துக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்து, பச்சையாகி, வான் திரும்பியது.

அப்போது அவள் பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

"ஓம்" என்றார். "ஓம்... எவடத்தில? ... நீயே குழி வெட்டித் தாட்டனியோ?"

பிறகு அவர் காதிலிருந்து தொலைபேசியை எடுத்து அதைப் பார்த்தார். வெட்டுப்பட்டுவிட்டது.

"நான் சொல்லத் தேவையில்லை எண்டு சொன்னனான்" என்றார் என்னிடம். "பக்கத்தில ஆமிக்காரன் நிக்கிறான். அப்பவும் அவள் சொல்லிப்போட்டாள். எல்லாம் சொன்னாள்."

அன்று முழுக்கப் பெட்டி அடுக்கினார். அவருடைய வரிசையில் ஒரு போத்தல்கூடச் சாயவில்லை. மாலை வாசலில் வந்தபோது பையைத் தானாகவே திறந்து பஞ்சாபிக்காரரின் முன்னால் பிடித்தார். பஞ்சாபிக்காரர் உள்ளே பார்க்கவில்லை.

"பிரதர், இன்றைக்கு வொரண்ட் கேட்கவில்லையே?"

அவர் தலையை ஆட்டினார். பஞ்சாபிக்காரர் கதிரையிலிருந்து எழுந்து நின்று, அந்தப் பையின் வாயைத் தன் கையாலேயே மூடி, அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஒத்திவைத்த விசாரணை ஆடியில் வந்தது. அதே அறை, அதே பெண், அதே மொழிபெயர்ப்பாளர். நானும் அதே கதிரையில். வழக்கறிஞர்ப் பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் இரண்டு மணி நேரம் அவரோடு பேசிப் பார்த்திருக்கிறாள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் அதே கேள்வியைக் கேட்டார். முகாமில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அவர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். இந்த முறை தமிழில்.

"இந்த அம்மாவிட்டைக் கேளுங்கோ. நான் சொல்லத் தேவையில்லை எண்டு அவ முதல்ல எனக்குச் சொல்லுவாவோ?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கி, வழக்கறிஞரைப் பார்த்து, பிறகு சொன்னார். அப்படிச் சொல்லும் கடமை தனக்கில்லை என்றார் அந்தப் பெண். வழக்கறிஞர்ப் பிள்ளை கண்ணை மூடினாள். அவர் கைகளை மேசையில் வைத்தபடி காத்திருந்தார். வானுக்குள் காத்திருந்த மாதிரியே. அந்தப் பெண் அவரைப் பார்த்தார். எதிரேயிருந்த காகிதங்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்றார். "சொல்லாவிட்டால் அது இல்லாமலே நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்."

ஆங்கிலத்தில் அவருக்கு அது விளங்கியிருக்கும். ஆனாலும் தமிழில் சொல்லும் வரை பொறுத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை அசைத்தார். அடி வருகிறதா என்று பார்ப்பது மாதிரி ஒருகணம் தலையைக் குனிந்தார்.

"சரி" என்றார். "நானாச் சொல்லுறன்."

நீண்ட நேரம் சொன்னார். ஒரு பெயரிலிருந்து தொடங்கினார். இடையில் மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்டார். வழக்கறிஞர்ப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள். முடித்ததும் அவர் கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறது. அதைக் குற்றமாக எடுக்கக் கூடாது.

முடிவு வருவதற்கு முன்னரே நான் மேற்கே போய்விட்டேன். எண்ணெய் மண் தோண்டும் இடத்தில் வேலை இருக்கிறது என்றார்கள். அது சரிவராமல் ஒரு மீன் பக்டரிக்குப் போனேன். பிறகு மரம் வெட்டினேன். ஓரிடத்தில் நிற்பது எனக்கு எப்போதும் வராது. அவருடைய அகதிக் கோரிக்கை சரிவந்ததை யாரோ சொன்னார்கள். வீடு திரும்பக் கிடைத்ததா என்று யாரும் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு சிறு நகரத்தின் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவருடைய பழைய இலக்கத்தை அழுத்திப் பார்த்தேன். மணி போயிற்று. ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரியாத குரல்.

"அவர் குளிக்கிறார். ஆர் கதைக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னாள்.

"விருப்பமில்லாட்டிச் சொல்லத் தேவையில்லை, என்ன."

பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அம்மா எனக்கு வைத்த பெயரைச் சொன்னேன்.